முட்டை வாங்கிய சிறுவன்

கொடுங்கையூர்த் தெருவொன்றிலே, அண்மையில் ஒரு மாலைப் பொழுது. பள்ளி விட்டு வந்த சிறுவனைப் பார்த்து, "இன்னாடா, கணக்குல முட்டை வாங்கினியாமே?" என்று சீறினாள் அன்னை. "கூமுட்டை!" என்று தம் பங்கைச் செலுத்தினார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சிறுவன் தலை கவிழ்ந்தான். அன்று நண்பகல் அதே பள்ளியிலே அவன் வேறொரு முட்டையும் வாங்கினான். அது பசி தீர்த்த முட்டை! ஒன்று உடலை வளர்க்கிறது. மற்றொன்று உள்ளத்தை உடைக்கிறது. சொல்லோ ஒன்றே! அதன் போக்கைச் சற்றே ஆராய்வோம்.

அகன்ற விழியை முட்டைக்கண் என்கிறோம். இலை திரண்ட கோசை முட்டைக்கோசு என்கிறோம். வடிவம் கண்டு வைத்த பெயர்கள், குற்றமில்லை. சுழியத்தையும் அவ்வாறே முட்டை என்றனர். வடிவம் கண்டவர் உள்ளீடு கண்டாரில்லை! சுழியத்துக்குள்ளே ஒன்றுமில்லை, முட்டைக்குள்ளேயோ ஓர் உயிர் உருவாகிறது.

வடமொழியில் முட்டைக்கு அண்டம் என்று பெயர். உலகத் தொகுதிக்கும் அதுவே பெயர். 'பிரமாண்டம்' என்று திரைப்பட விளம்பரங்கள் முழங்குகின்றனவே, அதன் நேர்ப்பொருள் பிரமனின் முட்டை என்பதுதான்! வடசொல் வானளாவி நிற்க, தமிழ்ச்சொல் மட்டும் வகுப்பறையின் கடைசி வரிசையிலே குட்டுப்பட்டு நிற்பதேன்?

கூமுட்டை என்பது கூழ்முட்டையின் திரிபு. கோழி இருபத்தொரு நாள் அடைகாக்கிறது. இடையிலே அது எழுந்து போய்ச் சூடு தவறினால், கரு வளராது, உள்ளே கூழாகும். குற்றம் எவருடையது? முட்டையினுடையதா?

சங்கப் புலவர் கிளிமங்கலங்கிழார் இவ்வுண்மையை அறிந்தவர். குறுந்தொகையின் 152-ஆம் பாட்டிலே, காதலன் கைவிட்ட காதலைத் தாயற்ற ஆமை முட்டைக்கு ஒப்பிட்டார். பேணுவாரின்றி உள்ளேயே கிடந்து அழிவது அது. அப்பாட்டிலே முட்டைமீது ஏச்சில்லை, இரக்கமே உண்டு. அத்தகைய உவமையைப் பெற்ற சொல்லையா நாம் வசைச்சொல்லாக்கினோம்?

பேணுதல் இன்னதென்று இந்நாடு அறியாததன்று. 1920-இல் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவைப் பரப்பியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவாக்கியது. 1989-இல் கலைஞர் ஆட்சி இரு வாரத்துக்கொரு முட்டை சேர்த்தது. 2010-இல் அது வாரம் ஐந்தாயிற்று. இதுவே அடைகாத்தல்!

ஆனால், நண்பகலில் ஊட்டிய சூட்டை மாலையிலே ஒரு சொல்லால் அணைக்கலாமா? கணக்கு வராத பிள்ளைக்கு அருகமர்ந்து கற்பித்தவர் யார்? அவன் கேட்டபோது விடை தந்தவர் யார்? அடைகாவாதவர் கூழ்முட்டையைப் பழிப்பது அறமாகுமா?

தட்டிலே முட்டை வைத்த நாடு, நாவிலே உள்ள முட்டையையும் திருத்தட்டும். இனி அச்சொல் வாயில் வரும்போதெல்லாம், அடைகாத்தோமா என்று முதலில் நம்மையே நாம் கேட்போம்!