ஐம்பது நிமிடத்துக்குள் அடங்காதவை

ஆழ்வார்பேட்டையில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக ஜாயின்ட் வென்ச்சருக்குப் போய் ஃபிளாட்டுகளாகத் திரும்பி வருகின்றன. வங்கியில் முப்பது வருஷம் அதிகாரம் செய்து ஓய்வு பெற்றவர், மனைவி போய் ஆறு மாதம் ஆன நிலையில், அப்படியொரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கலிஃபோர்னியாவிலிருந்து மகன் ஆன்லைனில் பணம் கட்டி அப்பாவுக்கு மனநல ஆலோசகரிடம் ஐம்பது நிமிட ‘செஷன்’ ஒன்றை புக் செய்கிறான். டி.டி.கே. சாலையை ஒட்டிய தெருக்களில் இது இப்போது யாருக்கும் வியப்பான செய்தியில்லை. இப்படிப் போவதில் பலன் உண்டா?

உண்டு. வாழ்க்கை மாற்றங்கள் உடம்பையும் வருத்தும் என்பதை மனநல மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் 1967-லேயே அளவுகோல் போட்டுக் காட்டினார்கள். துணையின் மரணத்துக்கு 100 புள்ளி, விவாகரத்துக்கு 73, பணி ஓய்வுக்கு 45. கல்யாணத்துக்கே 50! பின்னால், கிளெர்மனும் வைஸ்மனும் உருவாக்கிய ‘இன்டர்பெர்சனல்’ சிகிச்சை, பொறுப்பும் இடமும் மாறுவதைத் தனிச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் நடக்கும் அதில் நம் வங்கி அதிகாரியிடம் முதலில் கேட்கப்படுவது, வேலையோடு சேர்த்து என்னென்ன போயிற்று என்பதே. எட்டரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை, ‘சார்’ என்று எழுந்து நின்றவர்கள், சாயங்காலம் மனைவியிடம் சொல்ல ஒரு ஆபீஸ் வம்பு. இழந்ததை இப்படிப் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்த பிறகுதான், நாளைக் காலை யாருக்கு போன் செய்வது என்ற பேச்சு வரும். எதிரே இருப்பவர் சொந்தக்காரர் இல்லை என்பது பெரிய வசதி. மைத்துனரிடம் மனம் விட்டுப் பேசினால் ராத்திரிக்குள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும்.

ஆனால் எல்லா இழப்புக்கும் சிகிச்சை வேண்டும் என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பிரபலம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்விளைவுகளைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. துக்கத்துக்கும் உடனே சிகிச்சை வேண்டியதில்லை. பெரும்பாலோர் காலப்போக்கில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கு, அதற்கென்றே வகுத்த சிகிச்சை நன்றாகவே உதவுகிறது என்று கேத்தரின் ஷியரின் 2005 ஆய்வு காட்டியது. மனைவியை இழந்து ஆறு மாதம் அழுபவர் நோயாளி இல்லை. அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, இருந்து என்ன பயன் என்கிறாரா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சென்னைக்கே இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘ஸ்நேகா’, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்பதையே நம்பி நடக்கிறது. சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் இத்தகைய தன்னார்வலர்கள் தொடர்ந்து போய்ப் பேசியதில் மனச்சோர்வு குறைந்தது என்று அவரும் சக ஆய்வாளர் சுரேஷ்குமாரும் 2008-இல் எழுதினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பிளஸ் டூவில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷத்தை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று ஸ்நேகா வாதாடியது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் மனத்தை மட்டும் தேற்றிக்கொண்டிருந்தால் தேர்வு முறை அப்படியே இருந்திருக்கும். சிகிச்சை அறை பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். மாமியார் வீட்டில் மூச்சு முட்டும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது எளிது. தனி வீட்டுக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பது?

சொல்லித் தருபவர் யார் என்பது அடுத்த சிக்கல். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வெறும் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்ட நெடுங்காலம் ஒரு தடையும் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் இவர்களையும் கணக்கில் சேர்த்தது. ஆனாலும், விவாகரத்தை யோசிக்கும் பெண்ணிடம் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்று சொல்பவரை எந்தப் பதிவேடும் வடிகட்டாது. முதல் சந்திப்பிலேயே படிப்பு, பதிவு எண், எத்தனை வாரம் என்று கேட்டுவிடுவது நல்லது. முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம்.

கட்டணம் வேறு. ஒரு செஷனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்பது டாலரில் சம்பாதிக்கும் மகனுக்குக் கட்டுப்படியாகும். அதே ஃபிளாட்டில் சமைக்க வரும் அம்மாவும் போன வருஷம் புருஷனை இழந்தவர்தான். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நெருக்கடி நேரத்துக்கு அது போதும். ஒரே ஆளிடம் வாராவாரம் பேச அது ஈடாகாது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தவைத்தார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவின் அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில் பி.பி. பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறது.