தேர் ஓடும் மாசி வீதி

சித்திரைத் தேரோட்டம் பார்க்க மதுரைக்கு வருகிறவர் சித்திரை வீதியில் போய் நின்றால் ஏமாந்துதான் போவார். தேர் ஓடுவது மாசி வீதியில். தெருப் பெயர்களை ரசிக்கப் பழகுவதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. பெயரும் நடப்பும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ, அங்கே நின்று ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. எல்லாம் திருவிழா மாதங்களின் பெயர்கள். மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள். மாதம் மாறியது, தேரின் தடம் மாறவில்லை. தேரடி இன்றும் கீழ மாசி வீதியில்தான்.

மாசியைத் தாண்டியதும் மாத வரிசை சட்டென்று அறுந்துபோகிறது. கடைசி வட்டமாக வருவது வெளி வீதி. கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த பக்கம் இது. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவெடுத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த இடமே கொடுக்கப்பட்டது. அளவு வேலை பார்த்த சர்வேயர் மாரட். ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் என்ற மேஸ்திரி. மாசிக்கும் வெளிக்கும் நடுவே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தது இப்படித்தான். துரைக்கும் மேஸ்திரிக்கும் சரிசமமாகத் தெரு கிடைப்பது எந்த ஊரிலும் அபூர்வம். பிளாக்பர்னுக்கும் நன்றியாக ஒரு தூண் நட்டார்கள். ஆனால் ஊர் அதை விளக்குத்தூண் என்கிறதே தவிர, அவர் பெயரைச் சொல்வதில்லை!

விளக்குத்தூணுக்குப் பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. இருபுறமும் ஜவுளிக் கடைகள். சேலைகளிலிருந்து கண்ணை எடுத்து அண்ணாந்து பார்த்தால்தான் தூண்கள் தெரியும். திருமலை நாயக்கர் அரண்மனையில் எஞ்சியவை. அரண்மனை வாத்தியங்கள் முழங்கிய நவபத்கானாவின் பெயரிலும் அருகில் ஒரு தெரு உண்டு. அரண்மனை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை இந்த இரண்டு பெயர்களையும் வைத்தே நடந்து அளந்துவிடலாம். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் போகக்கூடாது. நின்று பார்க்க விடாமல் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். கடை திறக்கும் முன், காலையிலேயே போவது நல்லது.