ஊர்க்கதையும் புறம்பேசுதலும்

ஊரைப் பற்றிக் கதை எழுதுகிறவன் புறம் பேசுகிறானா? நம் வீடுகளில் நாவலொன்று கையிலெடுக்கப்படும்போது எழக்கூடிய வினா இது. அண்டை வீட்டின் குறையை அச்சேற்றி ஆயிரம் பேருக்குப் படிக்கக் கொடுப்பது தகுமா என்று மார்க்கப் பற்றுள்ள பெரியவர் ஒருவர் கேட்டால், "இது கலை" என்று சொல்லி நழுவிவிட இயலாது. புறம்பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைப் புசிப்பதற்கு ஒப்பிட்டு நம்மை அருவருக்கச் செய்கிறது திருமறை. ஆகவே இவ்வினாவுக்கு நேர்மையான விடை வேண்டும். விடை தேடுவதற்கு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் எழுந்த ஊர்க்கதைகள் நல்லதோர் உரைகல்லாகும்.

சோள வயல்கள் சூழ்ந்த சிற்றூர், ஓர் இரயில் நிலையம், ஒரே கடைத்தெரு, ஞாயிறுதோறும் நிரம்பும் தேவாலயங்கள், யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை எல்லாரும் அறிந்திருக்கும் வாழ்க்கை. இவ்வளவே அக்கதைகளின் களம். எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' என்னும் கவிதை நூலில், ஊரின் அடக்கத்தலத்தில் துயில்வோர் இருநூறு பேருக்கு மேல் தத்தம் வாழ்வின் மறைபொருளைத் தாமே உரைக்கின்றனர். இல்லினாய்ஸ் மாநிலத்தில் அவர் வளர்ந்த லூயிஸ்டவுன் ஊரார், அந்தக் கல்லறைக் குரல்களில் தம் உறவினரை அடையாளங்கண்டு வெகுண்டனர். ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஓஹையோ' 1919இலும், சிங்க்ளேர் லூயிஸின் 'மெயின் ஸ்ட்ரீட்' 1920இலும் தொடர்ந்தன. திறனாய்வாளர் கார்ல் வான் டோரன் 1921இல் இம்மூவரையும் ஒருசேர வைத்து, கிராமத்துக்கு எதிரான கலகம் என்று இப்போக்குக்குப் பெயரிட்டார்.

அப்பெயர் நிலைத்துவிட்டது. எனினும் மூவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது முறையன்று என்பதே நம் கருத்து.

ஆண்டர்சனின் நூலில் 'கைகள்' என்றொரு கதை உண்டு. விங் பிடில்பாம் என்பவர் முன்னர் பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியர். மாணவர்களின் தோளைப் பரிவோடு தொட்டுப் பேசுவது அவர் இயல்பு. மதிநலம் குன்றிய சிறுவன் ஒருவன் தன் கற்பனையை நடந்ததாகக் கூற, ஊர் திரண்டு அவரை அடித்து இரவோடிரவாக விரட்டுகிறது. வைன்ஸ்பர்க்கில் ஒளிந்து வாழும் அவருக்கு வயது நாற்பது, தோற்றமோ அறுபத்தைந்து. அவருடைய ஒரே நண்பன் ஜார்ஜ் வில்லார்ட், ஊர்ச் செய்தித்தாளின் நிருபன். செய்தி திரட்டுவதே தொழிலாகக் கொண்ட அவ்விளைஞன், அந்தக் கைகளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தும், கேட்பதில்லை என முடிவு செய்கிறான். அவர் கண்களில் கண்ட அச்சமே அவனைத் தடுத்துவிடுகிறது. ஊர்வாய் கொன்ற மனிதனை அந்த மௌனம் அன்றோ மனிதனாக நடத்துகிறது!

லூயிஸின் நாவலிலும் இத்தகைய ஆசிரியை ஒருத்தி வருகிறாள். பெர்ன் மல்லின்ஸ் என்னும் அவ்விளம்பெண் நடன விருந்து ஒன்றுக்குச் சென்ற இரவில், உடன் வந்த மாணவன் குடித்துத் தடுமாறுகிறான். அவனுடைய தாயோ பக்திக்குப் பெயர்போன கைம்பெண். பழி முழுவதையும் அவள் ஆசிரியையின் மேல் சுமத்துகிறாள். பெர்ன் குற்றமற்றவள் என்று எண்ணியவர்களும் ஊர்வாய்க்கு அஞ்சி வாளாவிருக்கின்றனர். வேலையும் நற்பெயரும் இழந்து அவள் இரயிலேறுகிறாள். புறம்பேசுதலின் கொடுமையை இதனினும் துலக்கமாகக் காட்டுவது அரிது.

ஆனால் நூலாசிரியர்பாலும் ஒரு குறை உண்டு. அந்தக் கைம்பெண்ணின் உள்ளத்தில் ஒரு நொடியேனும் லூயிஸ் புகுந்து பார்த்தாரில்லை. அவளது அறைகலன்களையும் பேச்சையும் பாவனையையும் நகைப்புக்கென அடுக்குகிறார். திண்ணைப் பேச்சு செய்வதும் அதுதானே? புறம்பேசுவோரைக் கண்டிக்கும் நாவல், அவ்விடங்களில் தானே புறம் பேசிவிடுகிறது. ஆண்டர்சனோ தம் மாந்தர் ஒவ்வொருவரையும் இறுதிவரை பேசவிட்டுச் செவிமடுக்கிறார். குறையைச் சொன்னாரா, மறைத்தாரா என்பது அளவுகோலாகாது. குறையுள்ளவனுக்கும் ஓர் உள்ளம் உண்டென்று காட்டினாரா என்பதே அளவுகோல். ஊர்வாய் தீர்ப்பளித்த பின்னரே பேசத் தொடங்குகிறது. நல்ல கதை, தீர்ப்பை ஒத்திவைத்துக் கேட்கிறது.

ஊராரின் சினம் நிலைப்பதில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. 1930இல் லூயிஸ் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கரானார். அவர் பிறந்த மினசோட்டாவின் சாக் சென்டர் ஊரோ, நாவலில் பழிக்கப்பட்ட தன் கடைத்தெருவையே பின்னாளில் பெருமையாக விளம்பரப்படுத்திக்கொண்டது. 1951இல் ரோம் நகரில் காலமான அவருடைய அஸ்தி அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இந்நூல்கள் காணத் தவறிய அண்டை வீட்டார் சிலரும் உண்டு. அவர்கள் நம்மவர். சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து சென்ற முஸ்லிம்கள் அக்காலத்திலேயே அச்சமவெளிகளில் உழவு செய்தனர். மூட்டை சுமந்து வணிகம் செய்தனர். வடக்கு டகோட்டாவின் ராஸ் என்னும் சிற்றூரில் 1929இல் அவர்கள் பள்ளிவாசல் கட்டினர். ஐயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் 1934இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவர்களுடைய நோன்பும் பெருநாளும், பனிக்காலத்து ஜனாஸாவும், கடன் சொல்லி வாங்கிய பண்ணைக்காரர்களுடன் கொண்ட நட்பும் எந்தப் பெருங்கதையிலும் இடம்பெறவில்லை. ராஸ் பள்ளிவாசல் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. 2005இல் சிறியதாக ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு ஜமாஅத் வாழ்ந்ததற்குச் சான்று கூற அடக்கத்தலமே எஞ்சியிருந்தது.

அக்குறையை ஓரளவு தீர்க்க வந்த நாவல், மோஹ்ஜா கஹ்ஃப் 2006இல் வெளியிட்ட 'தி கேர்ள் இன் தி டேஞ்சரின் ஸ்கார்ஃப்'. டமாஸ்கஸில் பிறந்து நடுமேற்கில் வளர்ந்தவர் அவர். கதைத்தலைவி கத்ரா, இண்டியானா மாநிலத்தில் தஃவாப் பணி செய்யும் சிரியக் குடும்பத்து மகள். மிட்டாயில் பன்றிக் கொழுப்புக் கலந்திருக்குமோ என்னும் கவலை, அண்டையிலுள்ளோரின் ஏச்சு, ஜமாஅத் தோழமையின் இதம் ஆகிய அன்றாட நிகழ்வுகளே நாவலின் உயிர். வெள்ளையர் காட்டிய நிறவெறியைத் தயங்காமல் எழுதும் ஆசிரியர், அதே கண்ணைத் தம் வீட்டின் மேலும் திருப்புகிறார். கத்ராவின் அண்ணன் சூடான் நாட்டுக் குடும்பத்தின் நல்லொழுக்கமுள்ள பெண்ணை மணக்க விழைகிறான். சமத்துவத்தைப் போதித்த பெற்றோர், அவளது கறுத்த நிறத்தை எண்ணி மறுத்துவிடுகின்றனர்.

இது புறமா? அன்று. அப்பெற்றோரின் தியாகமும் தொழுகையும் ஏழ்மையும் பிள்ளைப்பாசமும் நமக்கு முன்னரே அறிமுகமாகிவிட்டன. அவர்களை நாம் நேசிக்கும்படி செய்த பின்பே ஆசிரியர் அவர்களது குறையைக் காட்டுகிறார்; ஆதலால் அக்குறை நம்முடையதாகச் சுடுகிறது. வளர்ந்த கத்ரா, தன் சமூகத்தைப் புகைப்படம் எடுக்க ஊர் திரும்பும்போது, தன்னவரைப் பிறருக்குக் காட்சிப்பொருளாக்கிவிடுவேனோ என்று கலங்குகிறாள். எழுதுகோல் பிடிக்கும் எவருக்கும் இருக்கவேண்டிய கலக்கம் அது. விவாதங்கள் மிகுந்து, சில இடங்களில் கதை சொற்பொழிவாகிவிடுவதும், அத்தனை சிக்கலையும் ஒரே நூலில் ஏற்ற முயன்றதும் இந்நாவலின் குறைகள். ஆயினும் அதன் நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

முதலில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே: பரிவின்றிச் சொல்லப்படும் குறை, அச்சேறினாலும் புறமே. பரிவோடு சொல்லப்படுவது, சொல்பவனையும் சேர்த்துத் திருத்துவது. ஆனால் புறத்துக்கு அஞ்சி முற்றிலும் வாய்மூடும் சமூகத்துக்கும் இழப்பு உண்டு. குறைகளோடு அதன் நற்செயல்களும் பேசப்படாமல் மறைந்துவிடும். ராஸ் நகரத்து உழவர்களின் இரக்கமும் ஈகையும் எத்தகையவை என்று நமக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. நம் ஊர்களிலும் ஒரு பிள்ளை எழுதத் தொடங்கினால், யாரைப் பற்றி எழுதினான் என்று துருவுமுன், எப்படி எழுதினான் என்று படித்துப் பார்ப்போமாக.