முத்திரை தராசுக்கு, எடைக்கு இல்லை

பட்டினப்பாலை வணிகர்கள் கூடுதலாக வாங்கவும் மாட்டார்கள், குறைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மாதம் ஒருமுறையாவது எனக்கு வந்துவிடுகிறது. பாட்டு சொல்வது உண்மைதான். ஆனால் எல்லாரும் அப்படியே இருந்திருந்தால் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு கல்லும், நகை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல்லும் பேர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்காது. "எந்தக் கல்லு?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அர்த்தசாஸ்திரம் நாலு மாசத்துக்கு ஒருமுறை எடைக்கல்லைச் சோதித்து முத்திரை போடச் சொல்கிறது. இன்றைய சட்டத்துக்கு எலக்ட்ரானிக் தராசு என்றால் வருஷம் ஒருமுறை போதும்.

இந்த ஆராய்ச்சிக்குள் என்னை இழுத்துவிட்டது மாமாதான். திருமங்கலம் பக்கம் அரை ஏக்கர் மல்லி போட்டிருக்கிறார். தை மாசம் ஒருநாள் அவரோடு கமிஷன் கடைக்குப் போயிருந்தேன். கிலோ 3000 ரூபாய் விற்ற நாள் அது. தராசு 3.980 காட்டியது. சீட்டில் 3.900 என்று எழுதினார்கள். "என்ன மாமா, 80 கிராமை விட்டுட்டாங்க?" என்றேன். "அது எப்பவும் அப்படித்தான் மாப்ள" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 240 ரூபாய். பூ பறித்த ஆளின் கூலியில் பெரிய பங்கு.

வீட்டுக்கு வந்து சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ஐ (அமலுக்கு வந்தது 2011 ஏப்ரல் 1) விதிகளோடு சேர்த்து முழுசாகப் படித்தேன். ஒரு இன்ஜினியராகச் சொன்னால், கருவியைப் பற்றிய பகுதி அருமை. கடைகளில் சாதாரணமாக இருக்கும் 30 கிலோ தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சரிபார்ப்பு அளவு 5 கிராம். முத்திரை போடும்போது 2.5 கிலோ வரைக்கும் 2.5 கிராம், 10 கிலோ வரைக்கும் 5 கிராம் பிழை இருக்கலாம். புழக்கத்தில் இருக்கும்போது சோதித்தால் இதில் இரண்டு மடங்கு வரை போகலாம். அதாவது மாமாவின் நாலு கிலோ பூவில் தராசு 10 கிராம் பிசகினாலும் சட்டப்படி சரி. மல்லியில் அது 30 ரூபாய், வெங்காயத்தில் சில பைசா. இரண்டுக்கும் ஒரே தராசு. நகைக்கடைக்கு இதைவிட நுட்பமான தராசு வேண்டும் என்று யோசித்தவர்கள் மல்லியைப் பற்றி யோசிக்கவில்லை. சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவர்களுக்கு அது தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். வீட்டுத் தராசைச் சோதிக்க ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க. அந்தப் பாக்கெட்டுக்கே 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு.

ஆனால் மாமா இழந்தது இந்த 10 கிராமை அல்ல. தராசு ஒழுங்காகத்தான் காட்டியது, முத்திரையும் இருந்தது. போனது அதற்கும் சீட்டுக்கும் நடுவே. என் பெரிய குறை இங்கேதான். சட்டத்தின் உழைப்பில் பெரும்பகுதி கருவிக்கே போகிறது: மாடல் அங்கீகாரம், முத்திரை, சீல், சான்றிதழ். 30-ஆவது பிரிவு மட்டும், வாங்குகிறவர் மோசடியாகக் கூடுதல் எடை பெறுவதும் குற்றம் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் மோசடி என்று எதை வைத்து நிரூபிப்பது? தராசில் தெரிந்த எண் அடுத்த சாக்கு ஏறியதும் அழிந்துவிடுகிறது. மிஞ்சுவது கையால் எழுதிய சீட்டு. அதை எழுதியவரும் வாங்குகிறவரே. எங்கள் தொழிலில் இதை 'லாக் இல்லாத சிஸ்டம்' என்போம். எடையைத் தராசே அச்சடித்துத் தரவேண்டும் என்று பூக்கடைக்கு ஒரு கட்டாயம் வைத்திருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்திருக்கும். ரேஷன் கடையில் தராசை பில் மெஷினோடு இணைப்பதை ஊக்குவிக்க 2021-லேயே மத்திய அரசு விதி திருத்தியது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

தண்டனைப் பகுதி இன்னும் பலவீனம். 2009-இல் எழுதிய வடிவில் 30-ஆவது பிரிவுக்கு முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். கட்டணம் கட்டி சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். மூன்று வருஷம் கழித்து அதே தப்பைச் செய்தால் அதுவும் 'முதல் குற்றம்' ஆகிவிடுகிறது! தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் என்று எல்லாவற்றையும் பார்க்கிற துறைக்கே தராசும் ஒரு வேலை. அதிகாலையில் பூ மார்க்கெட்டில் அவர்கள் எத்தனை நாள் நிற்கமுடியும்?

சட்டம் மனதில் வைத்திருப்பது கடைக்காரரிடம் அரைக்கிலோ தக்காளி வாங்குகிற ஆளை. அங்கே தராசு விற்பவருடையது. விவசாயிக்கு எல்லாமே தலைகீழ். தராசு, சீட்டு, விலை மூன்றும் வாங்குகிறவர் கையில்.

போன மாசம் மாமாவுக்கு அங்கீகாரம் பெற்ற மாடலில் 10 கிலோ தராசு ஒன்று வாங்கி முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். சரிபார்ப்பு அளவு ஒரு கிராம், கடைத் தராசைவிட நுட்பம். வீட்டில் நிறுத்து, எடையைத் தாளில் எழுதி எடுத்துப்போனார். கமிஷன் கடைக்காரர் தாளைப் பார்த்துச் சிரித்தாராம். "எங்க தராசுதான் கணக்கு பெரியவரே."