வரவு மட்டும் எழுதிய பேரேடு

தேவகோட்டையைப் பற்றி எழுதப்படும் நினைவுகளில் பெரும்பாலானவை வீட்டு நினைவுகள். முகப்பு, வளவு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல். இவற்றின் கூட்டுத்தொகைதான் ஊர் என்ற எண்ணம் எழுதுகிறவர்களிடம் எப்படியோ படிந்துவிட்டது. வளவு இல்லாதவனுக்கும் ஊர் உண்டு, ஞாபகம் உண்டு என்பது இந்த எழுத்தில் பதிவாகவில்லை. என் ஆட்சேபம் அழகைப் பற்றியதல்ல, பார்வையைப் பற்றியது.

வழி சொல்கிறவன் பேச்சைக் கவனித்தால் வேறொரு ஊர் தெரிய வரும். ஊருணிக்கரை, தேர்முட்டி, பழைய கள்ளுக்கடை இருந்த முக்கு. இடம் போனபிறகும் பெயர் போவதில்லை. ஈரோட்டில் 1921-ல் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பியது. 1981-ல் மறுபடி திறந்த கள்ளுக்கடையும் சாராயக்கடையும் 1987-ல் மூடப்பட்டன. 2003 முதல் சில்லறையில் விற்பதும் அரசே. இத்தனைக்கும் பிறகு ஈரோட்டில் கள்ளுக்கடைமேடு இருக்கிறது. கடையை மூடுகிற சட்டம் பேச்சை மூடுவதில்லை.

தேவகோட்டை ரஸ்தா என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அது தேவகோட்டையில் இல்லை. காரைக்குடிப் பக்கத்து ரயில் நிலையம். ரயில் வராத ஊர் தன் பெயரை அங்கே நிறுத்திவைத்திருக்கிறது. ஏவி.எம். ஸ்டுடியோ சில வருஷங்கள் அங்கே இயங்கி, 1947-ல் 'நாம் இருவர்' அங்கிருந்து வெளிவந்தது. பிறகு ஸ்டுடியோ கோடம்பாக்கம் போயிற்று.

1942 இந்தப் பிரதேசத்துக்கு இரட்டை வருஷம். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. ஆகஸ்டில் தேவகோட்டைக் கோர்ட்டுக் கட்டிடம் எரிந்தது. திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' என்று அவர் தன் நினைவுகளை எழுதினார். விடுவிக்கப்பட்டவரின் பெயர் நின்றது. விடுவித்தவர்கள் நமக்கு இன்றும் வெறும் கூட்டம்தான். பர்மாவில் போன சொத்துக்காக உருகுகிற நினைவெழுத்து இவர்கள் பக்கம் திரும்புவதில்லை.

இலக்கியம் இதைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது. ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' (1972) செட்டிமார் வட்டிக்கடைகளின் உலகத்தையும் காட்டுகிறது. ஆனால் அதில் ஊரை நினைப்பவன் பாண்டியன், முதலாளி அல்ல. மெடானில் இருந்துகொண்டு அவன் சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நடந்து பார்க்கிறான். அங்கே குடி ஒழுக்கப் பிரச்சினையாகவோ வீறாப்பாகவோ வருவதில்லை. பேச்சு அவிழ்கிற இடமாக வருகிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யிலும் (1966) நாற்சந்தி மரத்தின் சரித்திரத்தைக் காப்பாற்றி வைப்பது பத்திரம் அல்ல, ஆசானின் வாய். இரண்டிலும் ஞாபகம் தெருவுக்குச் சொந்தம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில், வடம் பிடிக்கத் தலித்துகளுக்குள்ள உரிமை 1998-ல் பிரச்சினையானது. ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த தேர் 2024-ல் ஓடியது. தேரின் கம்பீரத்தை மட்டும் வர்ணிக்கிற நினைவெழுத்து, யார் தொடக்கூடாது என்றிருந்ததோ அதையும் சேர்த்தே மறைக்கிறது. ஏக்கம் இங்கே ஒரு கட்சி எடுத்துவிடுகிறது. எழுதுகிறவனுக்கு அது தெரிவதில்லை.

ஒரு காசு பிசகாமல் பற்றும் வரவும் எழுதத் தெரிந்த சமூகத்தின் ஊர் இது. அதன் நினைவெழுத்து மட்டும் வரவுப் பக்கத்தோடு நிற்பது விசித்திரம். வீடுகள் இடிகின்றன, தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. அவற்றுக்கு வாங்குபவர் உண்டு. கள்ளுக்கடை முக்குக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அதை எழுதிவைக்க ஒரு கவிஞனாவது வேண்டும்.