பிந்தியவர்க்குக் கைகொடுக்கும் பந்தயம்: ‘மாரியோ கார்ட் 8’ விளையாட்டின் நிறைகுறைகள்

விளையாட்டு என்றாலே அதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் வழக்கம் ஆசிரியர் உலகில் நெடுநாளாக உண்டு. ஆயினும், ஓர் ஆட்டத்தின் விதிகளை ஊன்றி நோக்குவோர்க்கு, வெற்றி தோல்வி பற்றியும் வல்லார் மெலியார் பற்றியும் அதனை அமைத்தோர் கொண்டுள்ள கருத்து அவ்விதிகளுக்குள்ளேயே பொதிந்து கிடப்பது புலனாகும். எனவே, கதையையும் நாடகத்தையும் திறனாய்வது போலவே விளையாட்டையும் திறனாய்தல் பொருத்தமே. மாணவர் பலர் விரும்பி ஆடும் வீடியோ விளையாட்டுகளுள் ஒன்றான ‘மாரியோ கார்ட் 8’ ஈண்டு ஆய்வுக்குரியதாகிறது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் தலைமையகம் கொண்ட நின்டெண்டோ நிறுவனம் 1992ஆம் ஆண்டில் ‘சூப்பர் மாரியோ கார்ட்’ என்னும் பந்தய விளையாட்டை வெளியிட்டது. மீசைக்கார மாரியோ, அவன் தம்பி லூயிஜி, இளவரசி பீச், ஆமை உருவம் கொண்ட பவுசர் முதலிய கேலிச்சித்திர மாந்தர் சிறு வண்டிகளில் ஏறிப் போட்டியிடுவதே அதன் பொருள். அவ்வரிசையில் ‘மாரியோ கார்ட் 8’ 2014ஆம் ஆண்டில் வீ யூ கருவிக்கு வந்தது; 2017ஆம் ஆண்டில் ‘டீலக்ஸ்’ என்னும் விரிவான வடிவில் சுவிட்ச் கருவிக்கு வந்தது. இவ்விரண்டாம் வடிவம் உலகெங்கும் 6 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகியுள்ளது. 2025ஆம் ஆண்டில் ‘மாரியோ கார்ட் வேர்ல்டு’ வெளிவந்துவிட்டது. எனினும், இவ்வகை விளையாட்டின் இயல்பை அறிய ‘டீலக்ஸ்’ வடிவமே தக்க சான்றாகும்.

பந்தயத்தில் 12 வண்டிகள் ஓடுகின்றன. பாதையில் ஆங்காங்கே மிதக்கும் பெட்டிகளை மோதுவோர்க்கு ஒரு பொருள் கிட்டும். எப்பொருள் கிட்டும் என்பது அவர் அப்போது எத்தனையாவது இடத்தில் செல்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது. முன்னே செல்பவர்க்குக் காசு, வாழைப்பழத் தோல் போன்ற சிறு பொருள்களே மிகுதியாகக் கிடைக்கும். பின்னே வருபவர்க்கோ விரைவு தரும் காளான், எதிர்ப்படுவோரை வீழ்த்தும் நட்சத்திரம், ஓட்டுநரைத் தானே முன்னோக்கிச் சுமந்து செல்லும் தோட்டா ஆகியவை கிடைக்கும். பிந்தியவர்க்கு மிகுதியும் முந்தியவர்க்குக் குறைவும் என்னும் இந்த விதியே விளையாட்டின் உயிர்நாடி. அதன் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நிறைகளை நோக்குவோம். சதுரங்கத்தில் தேர்ந்தவரோடு புதியவர் அமர்ந்தால் முடிவு முன்னரே தெரிந்துவிடும். பரமபதத்தில் தாயம் விழுவதே எல்லாம். திறமைக்கு அங்கே வேலையில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் செல்கிறது ‘மாரியோ கார்ட்’. பத்து வயதுச் சிறுமி பாட்டனாரோடும் அண்ணனோடும் ஒரே திரையின் முன் அமர்ந்து ஆடலாம். மூவருக்கும் கடைசிச் சுற்றுவரை நம்பிக்கை இருக்கும். அதே வேளையில் திறமையும் மதிப்பிழப்பதில்லை. வளைவுகளில் வண்டியைச் சறுக்கவிட்டுத் தீப்பொறி எழுப்பினால் கூடுதல் விரைவு பிறக்கும். பத்துக் காசுகள்வரை சேர்ப்பவரின் வண்டி வேகமும் அதற்கேற்ப உயரும். ஒரு கோப்பைக்கு நான்கு பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் முதலிடத்திற்கு 15 புள்ளிகள், இரண்டாமிடத்திற்கு 12, கடைசி இடத்திற்கு 1. ஆதலின், ஒரு பந்தயத்தில் நேர்ந்த கெடுவாய்ப்பு மற்ற மூன்றில் ஈடுசெய்யப்படலாம்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். இவ்விளையாட்டின் முதன்மைச் சுவையும் நகையே. வாழைப்பழத் தோலில் வழுக்கிச் சுழல்பவரும் சிரிக்கின்றார். வழுக்கச் செய்தவரும் சிரிக்கின்றார். பாதைகளின் அமைப்பிலும் கற்பனை வளம் உண்டு. ‘மவுண்ட் வாரியோ’ என்னும் பாதை, வழக்கமான சுற்றுகள் இன்றிப் பனிமலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரே இறக்கமாக அமைந்துள்ளது. வண்டிகள் சுவரின் மீதும் தலைகீழாகவும் ஓடும் பகுதிகளில், ஒன்றோடொன்று உரசும் வண்டிகள் இரண்டும் விரைவு பெறுகின்றன. மோதலையே உதவியாக மாற்றிய இவ்விதி பாராட்டத்தக்கது.

இனி, குறைகளுக்கு வருவோம். பிந்தியவரைத் தூக்கிவிடுதல் வேறு. முந்தியவரை வீழ்த்துதல் வேறு. நீல நிற முள் ஓடு என்னும் பொருள் இரண்டாம் வகையைச் சார்ந்தது. பின்னே வருபவர் ஏவும் அவ்வோடு, முதலிடத்தில் செல்பவரைத் தேடிச்சென்று வெடிக்கிறது. இதனால் ஏவியவர்க்குப் பெரும்பயன் ஏதும் இல்லை. பெரும்பாலும் இரண்டாமிடத்தில் வந்தவரே உழைப்பின்றிப் பயன்பெறுகின்றார். பிழையின்றி ஓட்டிவந்த ஒரு மாணவன் எல்லைக் கோட்டருகே இவ்வாறு வீழ்த்தப்படும்போது, நன்றாகச் செய்ததே குற்றமாயிற்று என்னும் உணர்வே அவனுக்கு எஞ்சும். அதனைத் தகர்க்கும் ஊதுகொம்பு ஒன்று உண்டெனினும், அது கையில் இருப்பதும் வாய்ப்பைப் பொறுத்ததே. மேலும், தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் வேண்டுமென்றே பின்தங்கி, வலிமைமிக்க பொருள்களைச் சேர்த்துக்கொண்டு இறுதியில் பாய்கின்றனர். மெலியார்க்கென வைத்த உதவியை வல்லார் கவர்ந்துகொள்ள இடம் தருவது விதியின் ஓட்டையன்றோ?

புதியவர்க்குரிய மற்றோர் உதவி, வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு. சிறு குழந்தைக்கும் கைத்திறன் குறைந்தவர்க்கும் இது பெரும் அருட்கொடை. ஆனால், இவ்வமைப்பு இயங்கும்வரை சில குறுக்கு வழிகளும் சறுக்கலில் கிட்டும் மிக உயர்ந்த விரைவும் ஆடுவோர்க்கு வாய்ப்பதில்லை. அதை எப்போது விட்டுவிட வேண்டும் என்று உணர்த்தவோ, சறுக்கும் கலையைப் படிப்படியாகக் கற்பிக்கவோ, விளையாட்டினுள் முறையான பயிற்சிப் பகுதி இல்லை. கைபிடித்து நடத்தத் தெரிந்தவர்க்குக் கையை விடத் தெரியவில்லை என்றே கூறவேண்டும்.

சில்லறைக் குறைகளும் உள. 2014ஆம் ஆண்டு வடிவில் சண்டைப் பகுதி பந்தயப் பாதைகளிலேயே நடந்து சுவையிழந்தது. 2017ஆம் ஆண்டில் தனிக்களங்கள் அமைத்து அக்குறை நீக்கப்பட்டது. மாந்தர் பட்டியலில் மாரியோ, குழந்தை மாரியோ, உலோக மாரியோ என ஒருவரே பல வடிவில் வருதல் எண்ணிக்கையைப் பெருக்குமேயன்றிச் சுவையைப் பெருக்காது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட 48 பாதைகளால் மொத்தம் 96 ஆயிற்று. எனினும், அவற்றுட் சில பழைய பாதைகளின் அழகு நேர்த்தியை எட்டவில்லை. தனியே ஆடுவோர்க்குச் சலிப்பும் விரைவில் தோன்றும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் நிறையே மிகுதி என்பது தெளிவு. ஒரே திரையின் முன் குடும்பத்தைக் கூட்டிவைக்கும் ஆற்றல் எல்லா விளையாட்டுக்கும் வாய்ப்பதன்று. எனினும், வகுப்பறையில் பிந்திய மாணவனை உயர்த்த முயலும் ஆசிரியர் இவ்விளையாட்டிலிருந்து இருவகைப் பாடம் பெறலாம். பிந்தியவனுக்குக் காளானும் நட்சத்திரமும் வழங்குதல் அறம். அவன் மகிழ்வதற்காக முந்தியவன்மீது முள் ஓட்டை ஏவுதல் அறமாகாது. கைகொடுத்தல் வேறு, காலை வாருதல் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தவேனும் இவ்விளையாட்டை ஒருமுறை அவர்களோடு அமர்ந்து ஆடிப் பார்த்தல் நன்று.