விண்கலத் தொடர்களின் ஆர்கெஸ்ட்ரா இசை: பாணிகளும் தரமும்

மலர்க்குழுவின் சார்பில் தலைவரே கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஹெர்மன், கரேஜ், பாரி கிரே ஆகிய இசையமைப்பாளர்களை நம் சபையினருக்கு அறிமுகம் செய்துவைப்பது மரியாதையாகாது. எனவே பரம்பரை விவரங்களை விட்டுவிட்டு, எந்தப் பாணியில் எது நிற்கிறது, எது தேய்கிறது என்பதை மட்டும், என் ஆசானிடம் கேட்டறிந்த அளவில் எழுதுகிறேன்.

ஹெர்மன் பாணிக்கு இலக்கணம் சிக்கனம். 'ட்விலைட் ஸோன்' தொடரில் 1959-இல் வந்த 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' பகுதிக்குத் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும் போதும் என்று அவர் முடிவு செய்தார். எக்காளம் இல்லை, முரசு இல்லை. நடுவயதுக்காரர் ஒருவர் தாம் சிறுவனாக இருந்த காலத்து ஊருக்குள் நடந்து போய்விடுகிற கதை அது. விண்கலமே தலைகாட்டாத அந்த அரைமணி நேரத்தின் இசையை இந்த மரபின் முதல் சிகரமாக நம் மூத்தவர்கள் வைப்பது முற்றிலும் சரி. அதே தொடருக்கு இளைஞர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எழுதியவற்றில் 1961-இன் 'தி இன்வேடர்ஸ்' பகுதியைத் தவறவிடக்கூடாது. ஏறக்குறைய வசனமே இல்லாத கதையை இசைதான் கைப்பிடித்து நடத்திச் செல்கிறது.

ஜான் வில்லியம்ஸ் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடருக்கு முதலில் ஒன்றும் மூன்றாம் பருவத்துக்கு வேறொன்றுமாக இரண்டு முகப்பிசை கொடுத்தார். இரண்டாவதே சிறந்தது, இதில் விவாதத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் பாரி கிரே பொம்மைத் தொடர்களுக்குக் கூடச் சலுகை கேட்காமல் எழுதினார். 1965-இன் 'தண்டர்பேர்ட்ஸ்' அணிவகுப்பு இசையில் ஒரு ராணுவ வாத்தியக் குழுவின் மிடுக்கு அப்படியே இருக்கிறது. அந்தக் கிளையைப் பற்றி நம் மூத்த உறுப்பினர் ஒருவர் முந்தைய மலரில் விரிவாக எழுதியிருப்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வந்த வழி, 'ஸ்டார் ட்ரெக்'கைத் தயாரித்த டெசிலு நிறுவனத்தின் வழி. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முகப்பில் அலெக்சாண்டர் கரேஜ் எழுதிய எட்டே ஸ்வர அழைப்பில் இந்தப் பாணியின் வித்து இருக்கிறது. ஃப்ரெட் ஸ்டைனர் அதற்கு உடல் கொடுத்தார், ஜெரால்ட் ஃப்ரீட் நரம்பு முறுக்கைக் கொடுத்தார். ஆனால் என் ஆசான் எப்போதும் முதலிடம் கொடுத்தது சால் காப்ளனுக்கு. காப்ளன் அந்தத் தொடருக்கு எழுதியவை இரண்டே பகுதிகள்: 'தி எனிமி விதின்', 'தி டூம்ஸ்டே மெஷின்'. ஐம்பதுகளில் கறுப்புப் பட்டியலில் சிக்கி ஹாலிவுட் வாய்ப்புகளை இழந்த மனிதர் அவர். ஒரு பாணியை நிறுவ இரண்டு பகுதிகள் போதும் என்பது ஆசானின் தீர்ப்பு.

ஆசான் நம் சபையின் தொடக்ககாலத்தவர். அவருடைய முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர்கள் இன்றைய செயற்குழுவிலேயே பலர் இருக்கிறார்கள். அவர் முறை கடுமையானது. முதலில் படத்தோடு பார்க்கச் சொல்வார். பிறகு திரையை மூடிவிட்டு இசையை மட்டும் கேட்கச் சொல்வார். கடைசியில் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓடவிட்டு, அந்தந்த இடத்தில் வரவேண்டியதை எங்களையே முணுமுணுக்கச் சொல்வார். காட்சியைப் பார்த்ததும் இசை தானாக நாவுக்கு வரவேண்டும். வராவிட்டால் அந்தக் காட்சிக்கு இசை எழுதப்படவில்லை, இடம் நிரப்பப்பட்டிருக்கிறது என்பது அவர் கணக்கு.

'தி டூம்ஸ்டே மெஷின்' பகுதியை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். கோள்களை விழுங்கி நகரும் அந்த இயந்திரத்துக்குக் காப்ளன் கொடுத்தது கீழ்ஸ்தாயியில் விடாமல் திரும்பத் திரும்ப வரும் சிறிய ஸ்வரக்கட்டு. தூரத்தில் இருக்கும்போது அது மெல்ல வரும், நெருங்க நெருங்க நம் மூச்சை இறுக்கும். எட்டு ஆண்டுகள் கழித்து 1975-இல் 'ஜாஸ்' படத்தின் சுறா வந்தபோது, காப்ளனைக் கேட்டிருந்தவர்களுக்கு இது நினைவு வராமல் இருந்திருக்காது. தன் ஆட்களைப் பறிகொடுத்த தளபதி டெக்கரின் மன உடைவையும் அதே இசையே சுமக்கிறது. ஒரே ஆர்கெஸ்ட்ராவில் இயந்திரமும் மனிதனும் மோதிக்கொள்வதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை.

இன்னொரு உண்மையையும் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொடரில் எல்லாப் பகுதிகளுக்கும் புதிதாக இசை எழுதப்படவில்லை. செலவைக் குறைக்க, சிலவற்றுக்கு எழுதிப் பதிந்ததைத் துண்டு போட்டு மற்றவற்றில் பொருத்தினார்கள். 'அமோக் டைம்' பகுதியின் சண்டைக்கு ஃப்ரீட் எழுதிய இசை அப்படித்தான் வேறு சண்டைகளிலும் ஒலித்தது. சிக்கனத்துக்காகச் செய்தது நமக்கு வரமாயிற்று. திரும்பத் திரும்பக் கேட்டதால் பார்த்தவர்களுக்கு இசை மனப்பாடமாயிற்று. ஆனால் மனப்பாடமாகும் தகுதி அதில் முன்பே இருந்தது. வெறும் ஓசையை நூறு முறை ஒலிபரப்பினாலும் அது நெஞ்சில் தங்காது.

டெசிலு வழியின் நேர் வாரிசு ரான் ஜோன்ஸ். 1987-இல் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது டென்னிஸ் மெக்கார்த்தியும் அவரும் மாறி மாறி எழுதினார்கள். மெக்கார்த்தியின் தேர்ச்சியை நான் மதிக்கிறேன். 'டீப் ஸ்பேஸ் நைன்' முகப்பிசை ஒன்றே அதற்குச் சான்று. ஆனால் 1990-இல் வந்த 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' பகுதிக்கு ஜோன்ஸ் எழுதியதைப் போல இன்னொன்று அந்தத் தொடரில் இல்லை. 'போர்க்' என்னும் எதிரிக் கூட்டத்துக்குக் குரல்குழுவின் சாயலில் ஒரு கனம், அதை எதிர்த்து நிற்கும் எக்காளங்கள், முதல் பாகத்தின் கடைசி நொடியில் ஓங்கி அடித்து நிறுத்தும் துணிவு. தயாரிப்புத் தரப்புக்கு இசை இவ்வளவு முன்னே வருவது பிடிக்கவில்லை. நான்காம் பருவத்திலேயே அவருடைய பணி முடிந்தது. அவர் போன பிறகும் ஜே சட்டவே 1992-இல் 'தி இன்னர் லைட்' பகுதியின் குழலிசையைக் கொடுத்தார் என்பதை மறக்கவில்லை. ஆயினும் இசை காதில் விழக்கூடாது என்ற கொள்கை ஜோன்ஸ் விலகிய அன்றுதான் ஆட்சிக்கு வந்தது. இன்றைய நிலைக்கு விதை அங்கே விழுந்தது.

இன்று எழுதுகிறவர்கள் யாரையும் குறிவைத்து நான் பேசவில்லை. பலர் நன்கு பயின்றவர்கள், இரவு பகல் பாராமல் உழைக்கிறவர்கள். அவகாசம் குறைவு, பணம் குறைவு, வெட்டிய படத்தில் முன்பே வேறு படத்து இசையை ஒட்டிவைத்து அதைப் போலவே வேண்டும் என்று கேட்கும் இயக்குநர்கள் வேறு. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் சில புதிய தொடர்களைக் கேட்கையில் நெஞ்சு கொதிக்கிறது. அடியில் நீளமாக இழுக்கும் ஒரே ஸ்வரம், காட்சி மாறும் இடத்தில் ஒரு பெரிய அறை, மறுபடியும் அதே இழுவை. தம்புராவை மட்டும் மேடையில் வைத்துவிட்டுக் கச்சேரி முடிந்தது என்று சொல்வது போல இருக்கிறது. கணினியில் சேமித்த வயலின் ஒலியை அடுக்கிவிட்டு ஆர்கெஸ்ட்ரா என்று பெயர் போடுகிறார்கள். முகப்பிசை சில விநாடிகளாகச் சுருங்கிவிட்டது. அதையும் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்! கரேஜ், கிரே, வில்லியம்ஸ் எல்லோரும் ஒரு உலகத்தின் வாசலைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாசலை மிதிக்காமல் சுவரேறிக் குதிக்கப் பழகிய தலைமுறைக்கு எந்த இசை நிற்கும்? இறுதியில் பெயர்கள் ஓடும்போது வரும் இசையை மூலையில் சுருக்கி, அடுத்த பகுதியைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வழக்கம் நம் கேட்புக் கூட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இசை முடியுமுன் நாற்காலி நகர்கிறது, கைபேசி ஒளிர்கிறது. முழுதாகக் கேட்கத் தெரியாதவர்கள் பெருகினால் முழுதாக எழுதத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? பாட்டு, நாடகம், பேச்சு எல்லாமே அரைகுறையாகப் போவதற்கு இந்தப் பொறுமையின்மையே மூலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நல்லதும் நடக்கிறது, மறைக்கமாட்டேன். 'டாக்டர் ஹூ' 2005-இல் மீண்டபோது மரே கோல்ட் கணினி ஒலிகளோடுதான் தொடங்கினார். விரைவிலேயே வேல்ஸின் பிபிசி தேசிய ஆர்கெஸ்ட்ரா வந்தது, இசை எழுந்து நடந்தது. 2008-இல் ராயல் ஆல்பர்ட் அரங்கின் பிராம்ஸ் இசைவிழா மேடையில் அது தனிக் கச்சேரியாயிற்று. 'லாஸ்ட்' தொடரின் முகப்பில் மெட்டே இல்லை, ஆனால் உள்ளே மைக்கேல் ஜியாக்கினோ தந்திகளையும் டிராம்போன்களையும் வைத்து அழவைத்தார். 1978-இன் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வுக்கு ஸ்டூ ஃபிலிப்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக்கை அமர்த்தினார். புதிய வடிவமோ ஆர்கெஸ்ட்ராவைத் தள்ளிவைத்து ஜப்பானிய முரசுகளோடு கிளம்பியது. அதன் முகப்பில் ரிச்சர்ட் கிப்ஸ் காயத்ரி மந்திரத்தைப் பாடவைத்ததை நம்மவர்களிலேயே சிலர் ஏற்கவில்லை. எனக்கு அதில் குறையில்லை. எல்மர் பெர்ன்ஸ்டைனிடம் பயின்ற பேர் மெக்கிரியரி முதல் பருவ முடிவில் தந்திகளுக்கு ஒரு பாஸகாலியா (திரும்பத் திரும்ப வரும் அடிக்கட்டின்மேல் எழும் இசைவடிவம்) எழுதியதும் அந்த முரசுகளுக்கும் பொருள் கிடைத்தது. 'தி ஆர்வில்' தொடருக்கு புரூஸ் பிராட்டன் கொடுத்த முகப்பிசையையும், அதற்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராவையே அமர்த்திய பிடிவாதத்தையும் பாராட்டியே ஆகவேண்டும்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கேட்புத் தொடரைக் காப்ளனின் இரண்டு பகுதிகளோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் ஆசானின் முறைப்படி மூன்று தடவை, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை ஒலிக்கவிடுங்கள். அதற்கு அரைநாள் ஆகும். அரைநாளை ஒதுக்குங்கள்.